முன்பாரமும் பின்பாரமும்

(எமது சங்கத்தின் விளையாட்டு விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை. அங்கத்தவர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, பேசியபடியே சிறு திருத்தங்களுடன் புத்தாண்டு மலரில் தரப்படுகிறது.)



என்னைப் பேசச் சொல்லிக் கேட்டபோது முதலில் மறுத்தேன். மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவன் நான். விளையாட்டு விழா எண்டால் கதிரை அடுக்கிறதும், கிடாரம் தூக்கிறதும், சாமான் ஏத்தி இறக்கிறதும்தான் என்ர வேலை. ஆனால் செயலாளர் விடவில்லை. "அண்ணை, அந்த ஏத்தி இறக்கிற கதையைத்தான் நீங்கள் சொல்லவேணும். அண்டைக்கு 401 நெடுஞ்சாலையில நடந்ததைச் சனத்துக்குச் சொல்லுங்கோ" எண்டு கேட்டார். அந்தக் கதையை இத்தனை வருடமாக நான் வீட்டில்கூட வடிவாகக் கதைத்ததில்லை. ஏனென்றால் அதில் பிழை விட்டவன் நான். பிழை விட்டவனே எழும்பிச் சொன்னால் மற்றவர்கள் கொஞ்சம் காது கொடுப்பார்கள் எண்டு நினைத்து இண்டைக்கு வந்திருக்கிறன்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த காலத்தை யோசித்துப் பாருங்கோ. நாலு குடும்பத்துக்கு ஒரு பழைய கார். ஆஸ்பத்திரிக்கும் அதுதான், கலியாண வீட்டுக்கும் அதுதான். இண்டைக்குக் கடவுள் புண்ணியத்தில் எம்மவர் வீட்டு வாசல்களில் ஏழு பேர், எட்டுப் பேர் இருந்து போகக்கூடிய பெரிய எஸ்.யூ.வி. வாகனங்கள் நிக்குது. அதுக்குப் பின்னால கொக்கியைப் போட்டு ட்ரெயிலர் இழுக்கிறதும் கூடிப்போச்சு. சிலர் கோடை விடுமுறைக்கு வீட்டு ட்ரெயிலர் கொண்டு போகினம். சிலர் சமையல் வியாபாரத்துக்குப் பெட்டி இழுக்கினம். எங்கட சங்கத்துக்கும் ஒரு பெட்டி இருக்கு. வருடத்துக்கு நாலைந்து தடவை அது ரோட்டுக்கு வருது. அதை இழுக்கிறது எங்கட பொடியள். உள்ளுக்கு இருந்து போறது எங்கட பிள்ளையள்.

ஆரிட்டைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பெரிய வாகனம் அண்ணை, இழுக்கும்." இழுக்கும்தான். இழுக்காது எண்டு நான் சொல்ல வரேல்லை. இழுக்கிறது இந்த வேலையில காற்பங்கு. பாரத்தைத் தாங்கிறது, நேராகக் கொண்டு போறது, நினைத்த இடத்தில நிப்பாட்டிறது, இந்த மூண்டும் மிச்ச முக்காற்பங்கு. அதைப் பற்றித்தான் இண்டைக்குக் கதைக்கப் போறன்.

எனக்கு ட்ரெயிலர் புதிசில்லை. கிளிநொச்சியில் என்ர மாமாவுக்கு வயல் இருந்தது. பதினைந்து வயதிலேயே ரக்ரரில் பெட்டியைக் கொழுவி நெல்லு மூட்டை ஏத்திப் பறிச்சவன் நான். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டுச் சனம் முழுக்க வெளிக்கிட்டபோது, அயலவர் ஒருவரின் ரக்ரரை ஓட்டினதும் நான்தான். பெட்டிக்குள்ள மூண்டு வீட்டுச் சாமான், அதுக்கு மேல கிழவன் கிழவி, குழந்தை குட்டி. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிஞ்சுபோச்சு. நடக்கிற ஆக்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். அந்தப் பெட்டியில எவ்வளவு நிறை, எந்தப் பக்கம் கூட, எந்தப் பக்கம் குறைய எண்டு ஆர் பார்த்தது? ஆனாலும் ஒருவருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. "அண்டைக்கே ஓட்டினவனுக்கு இந்த நாட்டு மாபிள் மாதிரி ரோட்டில என்ன பயம்" எண்டு ஒரு மமதை என்ர மனதில் இருந்தது. அண்டைக்கு எங்களைக் காப்பாத்தினது என்ர கெட்டித்தனமில்லை, நடைவேகம் எண்டது எனக்குப் பிந்தித்தான் விளங்கினது.

2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். மொன்றியலில் ஒரு விளையாட்டு விழா. எங்கட பக்கத்துச் சாமான்களையும் கொண்டுவரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். ஸ்காபரோவில் விடியப்புறம் பெட்டியை ஏத்தினோம். ஏத்தினது நான். பதினாறு அடிப் பெட்டி, இரண்டு அச்சு, நாலு சில்லு. போய் இறங்கினவுடன சமையல் தொடங்கவேணும். ஆகவே அரிசி, தண்ணிப் போத்தல், கிடாரம், காஸ் அடுப்பு எல்லாம் முதலில் இறங்கவேணும். முதலில் இறங்கவேண்டியதைக் கடைசியாக ஏத்துறதுதானே முறை? ஒலிபெருக்கிப் பெட்டி, கூடாரத் துணி, கொஞ்சக் கதிரை முன்னுக்கு. அரிசி மூட்டை இருபது, தண்ணி முப்பது கட்டு, கிடாரம், மிச்சக் கதிரை எல்லாம் பின்கதவோடு. கதவைச் சாத்தினபிறகு பார்த்தால் வாகனம் கொஞ்சம்கூடப் பின்னுக்குப் பதியேல்லை. நிமிர்ந்து கம்பீரமாக நிண்டது. "பாத்தியா மச்சான், இவ்வளவு ஏத்தியும் அசையேல்லை, இதெல்லோ வாகனம்" எண்டு நான் என்ர மச்சானுக்குச் சொன்னது இப்பவும் காதுக்குள்ள நிக்குது.

வாகனத்துக்குள்ள ஏழு பேர். ஓட்டினது என்ர மகன். அப்ப அவனுக்கு இருபத்திமூண்டு வயது. நான் பக்கத்து ஆசனம். மச்சானும் தங்கச்சியும் என்ர மனுசியும் இரண்டு பொம்பிளைப் பிள்ளையளும் பின்னால. மகன் ஏத்தினதைப் பார்த்துவிட்டு, "அப்பா, பின்னுக்குக் கூடிப்போச்சு போல கிடக்கு, கொஞ்சத்தை முன்னுக்கு மாத்துவமே?" எண்டு கேட்டவன். "நேரம் போகுது, நீ ஏறு" எண்டு சொன்னது நான்.

நியூகாசில் தாண்டிப் போர்ட் ஹோப் பக்கம் போகேக்க 401 மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கும். அந்த இறக்கம் ஒண்டில, வேகம் 105க்கு மேல போயிருக்கும், இடப்பக்கத்தால ஒரு பெரிய லொறி எங்களை முந்தினது. அதின்ர காத்து வந்து அடிச்சவுடன எங்கட பெட்டி ஒருக்கா வலப்பக்கம் அசைஞ்சது. பிறகு இடப்பக்கம். பிறகு இன்னும் கூட. மூண்டாவது தரம் அது வாகனத்தின்ர பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. நாய் வாலை ஆட்டுறதைப் பார்த்திருக்கிறம். அண்டைக்கு வால் நாயை ஆட்டினது. பின்னால பிள்ளையள் குளறத் தொடங்கிவிட்டார்கள்.

நான் கத்தினன்: "பிரேக்கைப் பிடிடா! பிடி!"

அவன் பிடிக்கேல்லை. ஸ்ரியறிங்கை அங்கையும் இங்கையும் வெட்டவுமில்லை. இரண்டு கையாலும் நேராக இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, காஸிலிருந்து காலை மெல்ல எடுத்தான். பிறகு ஒரு கையை எடுத்து, ஸ்ரியறிங்குக்குக் கீழே பூட்டியிருந்த சின்னப் பெட்டியின்ர நெம்பை மெதுவாகத் தள்ளினான். அது ட்ரெயிலரின்ர பிரேக்கை மட்டும் தனிய இயக்கிற கருவி. பின்னால பெட்டி பிடிபட, ஆரோ வாலைப் பிடிச்சு நிமிர்த்தின மாதிரி எல்லாம் ஒரு கோட்டில வந்தது. ஆறுதலா ஓரத்துக்குக் கொண்டுபோய் நிப்பாட்டினான். ஒருவரும் கதைக்கேல்லை. என்ர மனுசி மட்டும் முருகா முருகா எண்டு சொல்லிக்கொண்டிருந்தா.

நான் சொன்னபடி அவன் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஆடுற நேரத்தில முன்வாகனத்தின்ர பிரேக்கை இறுக்க அமத்தினால், பின்னால வாற ஆறாயிரம் இறாத்தல் எங்களைச் சரிவாகத் தள்ளும். வாகனமும் பெட்டியும் பேனாக்கத்தி மடியிற மாதிரி மடியும். உயரமான வாகனம் பிரளுறதுக்கும் கனநேரம் வேண்டாம். ஏழு பேரைக் காப்பாத்தினது, என்ர மகன் எனக்குக் கீழ்ப்படியாமல் விட்டது. இதை ஒரு தகப்பன் வாயால சொல்லுறது லேசான காரியமில்லை.

சரி, ஏன் ஆடினது? இதுக்கு விஞ்ஞானம் படிச்சிருக்கத் தேவையில்லை. என்ர அப்புவிட்டை இரட்டை மாட்டு வண்டி இருந்தது. வைக்கோலோ விறகோ ஏத்தினபிறகு, மாட்டைப் பூட்டுறதுக்கு முந்தி, அப்பு நுகத்தடியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் முன்பாரம், மாட்டின்ர கழுத்து முறியும். கையோட எழும்பி வந்தால் பின்பாரம், நுகம் மேல எழும்பி மாட்டின்ர குரல்வளையை நெரிக்கும். இரண்டுமில்லாமல் கொஞ்சம் முன்பாரமாக, கைக்கு ஒரு அளவான கனமாக இருக்கவேணும். இல்லாட்டில் திரும்ப இறக்கி அடுக்கச் சொல்லுவார்.

ட்ரெயிலரும் இதேதான். நடுவில சில்லு, முன்னால கொக்கி. கொக்கியில கீழ்நோக்கி அமத்துற நிறையை நாக்கு நிறை எண்டு சொல்லுறார்கள். நான் அதை முன்பாரம் எண்டே சொல்லுறன். இந்த நாட்டு ட்ரெயிலர்களுக்கு அது மொத்தப் பெட்டி நிறையில் நூற்றுக்கு 10 தொடக்கம் 15 வரை இருக்கவேணும். அதைவிடக் குறைஞ்சால் பெட்டியின்ர பாரம் சில்லுக்குப் பின்னால போகுது. ஒருக்கா ஆடத் தொடங்கினால் அந்தப் பின்பாரம் ஊஞ்சல் மாதிரி ஆட்டத்தைக் கூட்டும். வேகம் கூடக்கூட ஆட்டம் அடங்கிற தன்மை குறையும். மணிக்கு 70 கிலோமீற்றரில் ஒண்டும் தெரியாது. 105இல் ஒரு லொறிக் காத்துப் போதும்.

அண்டைக்கு நாங்கள் பாதிச் சாமானை ஓரத்திலேயே முன்னுக்கு மாத்தி, அடுத்த வெளிவழியால இறங்கி, லொறிகள் நிறுக்கிற தராசுள்ள தரிப்பிடம் ஒண்டுக்குப் போனோம். மொத்தப் பெட்டி 6,400 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 2,900 கிலோ. மகன் விடவில்லை. சாமானைத் திரும்பவும் காலையில இருந்த மாதிரியே பின்னுக்கு மாத்தி முன்பாரத்தையும் நிறுத்துக் காட்டினான். 250 இறாத்தல். நூற்றுக்கு நாலுகூட இல்லை. இருக்கவேண்டியது ஆகக் குறைஞ்சது 640. வாகனம் பதியாமல் கம்பீரமாக நிண்டது எண்டு பெருமைப்பட்டேனே, அதுதான் ஆபத்தின்ர அடையாளம். பெட்டி முன்னுக்கு அமத்தவேண்டிய அளவுக்கு அமத்தேல்லை. அப்பு இருந்திருந்தால் பூட்டவே விட்டிருக்கமாட்டார்.

இப்ப இரண்டாவது விஷயத்துக்கு வாறன். இதுதான் கனபேருக்குத் தெரியாதது. அப்ப பெட்டியைச் சரியாக அடுக்கினால் எல்லாம் சரியோ? இல்லை. கணக்கைப் பாருங்கோ. 6,400 இறாத்தலுக்கு நூற்றுக்கு 12 எண்டு வைச்சால் முன்பாரம் ஏறக்குறைய 770 இறாத்தல். இந்த 770உம் வாகனத்தின்ர முதுகில ஏறுது. சாரதி பக்கக் கதவைத் திறந்தால் கதவு நிலையில ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். ஆக்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல போகக்கூடாது எண்டு அதில போட்டிருக்கும். எங்கட வாகனத்தில அது 1,600 இறாத்தல். அதில 770ஐயும் கொக்கிச் சாமானுக்கு 90ஐயும் கழியுங்கோ. மிச்சம் 740. நாங்கள் ஏழு பேரும் சேர்ந்து 1,060 இறாத்தல். ஆகவே பெட்டியைச் சரியாக அடுக்கியிருந்தால், வாகனத்தில 320 இறாத்தல் கூடிப்போயிருக்கும்!

விற்கிறவர் "8,000 இறாத்தல் இழுக்கும்" எண்டு சொல்லுவார். அவர் பொய் சொல்லேல்லை. ஆனால் அந்த எண் எப்படி வந்தது எண்டு கேளுங்கோ. அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கத்தின்ர ஜே2807 எண்ட அளவுமுறை ஒண்டு இருக்கு. அதன்படி சோதிக்கேக்க வாகனத்துக்குள்ள இருக்கிறது சாரதியும் ஒரு பயணியும் மட்டும். ஆளுக்கு 150 இறாத்தல் கணக்கு. மாமா, மாமி, மருமகள், பிட்டுச் சட்டி, தண்ணிக் குடம் எல்லாம் அந்தக் கணக்கில இல்லை. எட்டு ஆசனம் இருக்கிறதும் உண்மை, 8,000 இறாத்தல் இழுக்கிறதும் உண்மை. இரண்டும் ஒரே நாளில உண்மையாக இருக்காது. இதை மட்டும் ஞாபகம் வைச்சுக்கொண்டு போனாலே நான் வந்து கதைச்சதுக்குப் பலன் கிடைச்சமாதிரி.

கூடப் பாரம் ஏத்தினால் என்ன நடக்கும்? பெரிய எஸ்.யூ.வி. பிள்ளையள் சுகமாக இருந்து போறதுக்குச் செய்த வாகனம். பின்பக்க ஸ்பிரிங் மெத்தை மாதிரி. ரயரும் மெல்லிய பக்கச் சுவருள்ள கார் ரயர்தான் பெரும்பாலும். பின்பக்கம் பதிய முன்பக்கம் எழும்பும். முன்சில்லில் பாரம் குறைய ஸ்ரியறிங் லேசாகும், பிரேக் பிடிப்பும் குறையும். இரவில முன்விளக்கு ரோட்டைப் பார்க்காமல் எதிர வாறவரின்ர கண்ணைப் பார்க்கும். இதுக்குத்தான் இரண்டு பக்கமும் உருக்குச் சட்டம் வைச்ச, பாரத்தைப் பகிர்ந்து முன்சில்லுக்கும் அனுப்புற கொக்கி வருது. நல்ல சாமான். ஆனால் அது பாரத்தை இடம் மாத்துமே தவிரக் குறைக்காது. ஒட்டுத்தாளில உள்ள எண்ணை அது கூட்டித் தராது.

மூண்டாவது, நிப்பாட்டிறது. 80இல் போறதைவிட 110இல் போகேக்க அடக்கவேண்டிய சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒன்ராறியோவில் பெட்டியின்ர மொத்த நிறை 1,360 கிலோவோ அதுக்கு மேலோ எண்டால் பெட்டிக்குச் சொந்தமாகப் பிரேக் இருக்கவேணும் எண்டு சட்டம். அந்த மின்சாரப் பிரேக்குக்கு வாகனத்துக்குள்ள கட்டுப்படுத்திற கருவி வேணும். ஏழு முனைச் செருகி வேணும். நாலு முனைச் செருகியில லைற் மட்டும்தான் எரியும், பிரேக் வேலை செய்யாது. லைற் எரியுது எண்டதை வைச்சுப் பிரேக்கும் இருக்கு எண்டு நினைக்கிற ஆக்கள் இருக்கினம். வெறும் வாகனத் தரிப்பிடத்தில மெதுவாக ஓட்டி, அந்தக் கருவியின்ர நெம்பைத் தள்ளி, பெட்டி பின்னால பிடிச்சு இழுக்குதோ எண்டு பாருங்கோ. அரை நிமிட வேலை. இறக்கத்தில பிரேக்கை ஒரேயடியாக அமத்திக்கொண்டு போகாமல், இறங்க முந்தியே கியரைக் குறையுங்கோ. பாரம் இழுக்கிற ஓட்ட முறைக்கு ஒரு பொத்தான் கனவாகனங்களில இருக்கு. அது சும்மா அலங்காரத்துக்கு வைச்சதில்லை.

சட்டத்தில இன்னும் சில காரியம். எங்கட ஜி வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரத்தில 4,600 கிலோ வரைக்குமான பெட்டியை இழுக்கலாம், வாகனமும் பெட்டியும் சேர்ந்து 11,000 கிலோவுக்கு மேல போகக்கூடாது. கொக்கியைத் தவிர இரண்டாவதாகவும் ஒரு பிணைப்பு இருக்கவேணும். அதுதான் சங்கிலி. வீட்டு ட்ரெயிலர் ஓடேக்க அதுக்குள்ள ஒருவரும் இருக்கக்கூடாது. "பிள்ளை நித்திரை, பின்னால கிடக்கட்டும்" எண்ட கதை வேண்டாம். இங்கிலாந்தில இருக்கிற எங்கட சொந்தக்காரருக்கு 2021 டிசம்பர் 16 தொடக்கம் தனிச் சோதனை இல்லாமலே 3,500 கிலோ வரைக்கும் இழுக்க அனுமதி கிடைச்சிருக்கு. சந்தோஷம். ஆனால் அனுமதி வேறை, அறிவு வேறை. கந்தோரில ஒருவரும் உங்களுக்கு முன்பாரம் பின்பாரம் சொல்லித் தரமாட்டினம்.

வெளிக்கிட முந்திப் பார்க்கவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லுறன், தம்பிமார் கவனமாகக் கேளுங்கோ.

ஒண்டு, கொக்கிப் பந்தின்ர அளவு. ஒண்டேமுக்காலே அரைக்கால் அங்குலம், இரண்டு அங்குலம், இரண்டே கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூட எண்டு மூண்டு அளவு பொதுவாக இருக்கு. அளவு பந்திலயும் பெட்டியின்ர வாயிலயும் பொறிச்சிருக்கும். இரண்டும் ஒண்டாக இருக்கவேணும். சின்னப் பந்தில பெரிய வாய் பூட்டின மாதிரித்தான் தெரியும். ஒரு பள்ளத்தில விழுந்தால் கழண்டுபோகும். பூட்டினபிறகு பெட்டியின்ர ஜாக்கியால முன்பக்கத்தை உயர்த்திப் பாருங்கோ. வாகனத்தின்ர பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு சரி.

இரண்டு, சங்கிலி இரண்டையும் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கே போடுங்கோ. கொக்கி கழண்டாலும் பெட்டியின்ர மூக்கு ரோட்டில குத்தாமல் சங்கிலி ஏந்தும். மெல்லிய கம்பி ஒண்டும் இருக்கும். பெட்டி அறுந்து போனால் அதின்ர பிரேக்கைத் தானே பிடிக்க வைக்கிற கம்பி அது. அதைச் சங்கிலியோட சுத்தாமல் வாகனத்தில தனியாகக் கொழுவுங்கோ. அதுக்குரிய சின்ன பற்றரியில சார்ஜ் இருக்குதோ எண்டும் பாருங்கோ.

மூண்டு, ரயர். காத்து மட்டும் பார்த்தால் போதாது, வயதையும் பாருங்கோ. ரயரின்ர பக்கத்தில கடைசி நாலு இலக்கம். 2316 எண்டு இருந்தால் 2016ஆம் ஆண்டு 23ஆவது கிழமை செய்தது. எங்கட பெட்டி வருடத்தில முக்கால்வாசி நாள் வெயிலில சும்மா நிக்குது. பூ தேயாது, ஆனால் ரப்பர் உள்ளுக்குள்ள வெடிச்சுப்போகும். சில்லைக் கழட்டிப் பூட்டினால் முதல் நூறு கிலோமீற்றருக்குள்ள ஒருக்கா நிப்பாட்டி ஆணி இறுக்கமோ எண்டு பாருங்கோ.

நாலு, ஏத்துற முறை. நூற்றுக்கு அறுபது சில்லுக்கு முன்னால, நாற்பது பின்னால. பாரமானது கீழயும் சில்லுக்கு மேலயும். இடம் வலம் சமனாக. கயிறு போட்டு இறுக்குங்கோ. நாங்கள் அடுக்கினபடி சாமான் மொன்றியல் வரைக்கும் இருக்காது, ரோடு தன்ர பாட்டில திரும்ப அடுக்கும்.

ஐந்து, ஆடத் தொடங்கினால். காஸை விடு, ஸ்ரியறிங்கை நேராகப் பிடி, பெட்டிப் பிரேக்கை மட்டும் கையால மெதுவாகப் பிடி. முன்பிரேக்கை அமத்தாதே, வேகத்தைக் கூட்டி இழுத்து நிமிர்த்தலாம் எண்டும் நினையாதே. அடங்கினபிறகு நிப்பாட்டிச் சாமானை மாத்து. "இப்ப சரிதானே" எண்டு திரும்ப வேகம் எடுக்காதே.

புது வருடத்துக்கு வாகனத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, சில்லுக்குக் கீழ எலுமிச்சம்பழம் வைச்சு நசிக்கிறோம். நல்ல வழக்கம், விடாமல் செய்யுங்கோ. பழம் வைக்கக் குனியிற நேரம் அந்த ரயரின்ர இலக்கத்தையும் ஒருக்கா வாசியுங்கோ எண்டுதான் கேட்கிறன்.

சங்கத்திடம் எனக்கு மூண்டு வேண்டுகோள். முன்பாரம் நிறுக்கிற சின்னத் தராசு ஒண்டு வாங்கிப் பெட்டிக்குள்ளயே வையுங்கோ. நான் சொன்ன இந்த ஐந்தையும் எழுதிப் பின்கதவின்ர உட்பக்கத்தில ஒட்டுங்கோ. அதைப் பார்த்துக் கையொப்பம் வைக்காமல் ஒருவருக்கும் பெட்டித் திறப்பைக் கொடுக்கவேண்டாம், எனக்கும்தான். கடைசியாக, பெட்டி இழுக்கிற வாகனத்தில மூண்டு பேருக்கு மேல ஏத்தவேண்டாம். பிள்ளையள் வேறை காரில வரட்டும். பெற்றோல் காசு கூடும். பரவாயில்லை.

முடிக்க முந்தி ஒரு வார்த்தை. அண்டைக்கு ஓரத்தில நிண்டபோது என்ர மகன் என்னைக் குறை சொல்லேல்லை. ஒரேயொரு வசனம் சொன்னான்: "அப்பா, நீங்கள் ஓட்டினது மெசின், இது வேறை." எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மூண்டு நாள் அவனோட வடிவாகக் கதைக்கேல்லை. நாலாம் நாள் அவனே வாகனத்தின்ர கைநூலைக் கொண்டுவந்து மேசையில வைச்சு, இருந்து தமிழில சொல்லித் தந்தான். அந்த முன்பாரக் கணக்கு வந்தபோதுதான் எனக்கு அப்புவின்ர ஞாபகம் வந்தது. அப்பு நுகத்தடியைக் கையால தூக்கிப் பார்த்ததும், மகன் தராசில வைச்சுப் பார்த்ததும் ஒரே காரியம். இரண்டு பேருக்கும் நடுவில நான்தான் அதை விட்டுவிட்டன்.

தப்பி வந்த ஆக்கள் நாங்கள். செல்லடிக்கும் குண்டுக்கும் தப்பி, கடல் கடந்து, இங்க வந்து பிள்ளையளை ஆளாக்கியிருக்கிறம். அரிசி மூட்டையைப் பிழையான பக்கம் வைச்சதால அந்தப் பிள்ளையளை ரோட்டில பறிகொடுக்கக்கூடாது. ஊரில இருந்து கொண்டுவந்த அனுபவம் பெறுமதியானது. ஆனால் எங்கட பிள்ளை "அப்பா, பின்னுக்குக் கூடிப்போச்சு" எண்டு சொன்னால், நேரம் போனாலும் பரவாயில்லை, கதவைத் திறந்து ஒருக்கா இறக்கி அடுக்குங்கோ. கேட்கிறதால தகப்பன்மாரின்ர மரியாதை குறையாது.

பிறக்கின்ற சித்திரைப் புத்தாண்டில் உங்கள் எல்லோரின் பயணங்களும் சுகமாக அமைய வாழ்த்துகிறேன்.